கடற்கரையை ஒற்றி எடுக்க எந்தத் தட்டு?

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பிள்ளைகளோடு சேர்ந்து கடற்கரைக் காட்சிகளை, தட்டில் சாயம் பூசித் தாளில் ஒற்றியெடுக்கும் மோனோபிரிண்ட் முறையில் அச்செடுக்க ஆசை. வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களே போதும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் எதில் தொடங்குவது? ஜெலட்டின் தட்டா, பிளாஸ்டிக் தாளா, பால் பெட்டியா, பழம் வாங்கும்போது வரும் நுரைத் தட்டா? காணொளிகளைப் பார்த்தால் குழப்பம்தான் கூடும். அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே மேசைமேல் நாள் முழுக்க அசையாமல் இருக்கும் ஜெலட்டின், நம் ஊர் மதிய வெப்பத்தில் அப்படி இருக்காது. அதனால் சிங்கப்பூரின் வெப்பம், ஈரப்பதம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் இட அளவு, இங்குள்ள கடற்கரை ஆகியவற்றை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முதன்முறை செய்பவர் என்றால் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் தொடங்குங்கள். இலை, கயிறு, வலை இவற்றின் நுணுக்கமான தடம்தான் வேண்டும், குளிர்பதனப் பெட்டியிலும் இடம் இருக்கிறது என்றால் ஜெலட்டின். கோடு வரைவதில் பிரியமுள்ள உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பால் பெட்டி. நுரைத் தட்டு சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மட்டும். அட்டையை ஒட்டிச் செய்யும் தட்டு பொறுமை உள்ளவர்களுக்கு.

மோனோபிரிண்ட் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வழவழப்பான பரப்பில் சாயத்தைப் பூசி, அதில் உருவத்தை உண்டாக்கி, மேலே தாளை வைத்து அழுத்தி எடுப்பதுதான் இது. முதல் முறை எடுக்கும்போதே சாயத்தின் பெரும்பகுதி தாளுக்குப் போய்விடும். மிச்சத்தில் இன்னொரு தாளை வைத்தால் மங்கலாக ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். மரக்கட்டை அச்சில் எடுப்பதுபோல ஐம்பது பிரதிகள் எடுக்க முடியாது. 1640களில் ஜெனோவாவைச் சேர்ந்த காஸ்டிலியோனே என்ற ஓவியர் இந்த முறையைக் கையாண்டார். 1870களில் தொடங்கி பிரெஞ்சு ஓவியர் டெகா இதில் மூழ்கிப்போய் முந்நூறுக்கு மேல் செய்தார். வெறும் தட்டில் வரைந்து எடுப்பதை மோனோடைப் என்றும், கீறலோ மேடுபள்ளமோ நிலையாக உள்ள தட்டில் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சாயம் பூசி எடுப்பதை மோனோபிரிண்ட் என்றும் பிரித்துச் சொல்வார்கள். இங்கே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். வீட்டு மேசையில் இரண்டும் கலந்துதான் நடக்கும்.

தட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கடற்கரையில் உங்களை நிறுத்திப் பார்க்க வைத்தது எது என்று யோசியுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நின்றால் கண்ணில் படுவது தொடுவானம் நெடுக வரிசையாக நங்கூரமிட்ட கப்பல்கள். அது பரந்த வண்ணப் பரப்பும் மெல்லிய கோடுகளும் சேர்ந்த காட்சி. சாங்கியில் நீர் வற்றும் நேரத்தில் போனால் மணலில் அலை விட்டுப்போன வரிகள், மணல் நண்டுகள் உருட்டிப் போட்ட சின்னச்சின்ன உருண்டைகள், கடற்புல். அங்கே எல்லாம் தடமும் மேடுபள்ளமும்தான். சுங்கை பூலோவில் அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கோடு வேண்டும். லாப்ரடாரின் பாறைகளுக்கு அழுத்தமான கருமை வேண்டும். இந்த நான்கையும் ஒரே தட்டில் நன்றாகச் செய்துவிட முடியாது. எது சுலபம், எது மலிவு என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பாதி வழியில் சலித்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மணல் வரிகளை மனத்தில் வைத்துக்கொண்டு வழவழப்பான பிளாஸ்டிக்கோடு போராடினால் சலிப்பு வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து இலை, சங்கு, பவளத்துண்டு என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் செடிகொடிகளைப் பறிக்கவோ உயிரினங்களை எடுக்கவோ கூடாது என்பது இங்கே சட்டம். வெறும் சங்கு என்று நாம் நினைப்பது துறவி நண்டுக்கு அடுத்த வீடாக இருக்கும். படம் எடுங்கள், சின்ன நோட்டில் கோட்டோவியம் போட்டுக்கொள்ளுங்கள், நீரும் மணலும் சேரும் இடத்தின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளை வீட்டிலிருந்தும் சந்தையிலிருந்தும் எடுக்கலாம். பழைய பொருள்களைக் கொண்டு செய்வதில் எனக்கு இவ்வளவு பிடிப்பு இருப்பதற்கு இதுவும் காரணம். பூண்டு வாங்கிய வலைப்பை மீன்வலை ஆகும். குமிழி உறை கணவாயின் உறிஞ்சிகளாக மாறும். நெளி அட்டை மணல் வரிகளைக் கொடுக்கும். கடற்கரையில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

சரி, ஜெலட்டினுக்கு வருவோம். இந்த முறைகளிலேயே மிக அழகான தடத்தைக் கொடுப்பது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தட்டு மெத்தென்று இருப்பதால் மேலே வைக்கும் பொருளைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். கையால் தடவினாலே போதும், எந்த அழுத்து இயந்திரமும் வேண்டாம். சாயத்தை மெலிதாகப் பூசி, ஓர் இலையை வைத்து, தாளை மூடித் தடவி எடுத்தால், இலை இருந்த இடம் வெள்ளையாகவும் சுற்றிலும் வண்ணமாகவும் வரும். அதோடு நின்றுவிடாதீர்கள். இலையை மெதுவாக எடுத்துவிட்டு இரண்டாவது தாளை வையுங்கள். இலைக்கு அடியில் மாட்டியிருந்த சாயத்தில் ஒவ்வொரு நரம்பும் பதிந்திருக்கும். முதல் அச்சைவிட இந்த இரண்டாவதுதான் மூச்சை நிறுத்தும்.

என்ன இலை வைப்பது? நெய்தல் நிலத்துக்குச் சங்கப் பாடல்கள் சொல்லும் புன்னை, தாழை, அடும்பு மூன்றும் சிங்கப்பூர்க் கடலோரத்தில் இன்றும் வளர்கின்றன. ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த அடும்பு இலையை மணல்வெளிகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பறிக்க முடியாது, ஆனால் அவற்றின் உறவுக்காரச் செடிகள் ஈரச்சந்தையில் கட்டுக்கட்டாக விற்பனைக்கு இருக்கின்றன. நாம் சோற்றில் போடும் பாண்டான் இலை தாழையின் இனம். கங்கோங் கீரையும் சர்க்கரைவள்ளி இலையும் அடும்பின் இனம். பாண்டானின் நீள நரம்புகள் ஜெலட்டினில் பதியும்போது கடற்புல் திட்டைப் பார்ப்பதுபோலவே இருக்கும். அச்செடுத்த இலையைச் சமைக்கக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

இனி இதன் தொல்லைகள். ஜெலட்டின் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், 35க்குள் உருகிவிடும். நம் ஊரில் பகல் வெப்பம் 31, 32 என்பது சாதாரணம். ஆகவே மதியம் இரண்டு மணிக்கு, குளிரூட்டி இல்லாத கூடத்தில், ஜெலட்டின் தட்டை எடுத்து வைத்தால் மேற்பரப்பு பிசுபிசுக்கத் தொடங்கும், தாள் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். காலையில் செய்யுங்கள். இடையிடையே தட்டைக் குளிர்பதனப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். ஜெல்லி இனிப்புக்குப் போடுவதைவிட மூன்று நான்கு மடங்கு தூள் தேவை. ஒரு கோப்பை நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று தொடங்கலாம். குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, வெந்நீர் சேர்த்து, நுரைக்காமல் மெதுவாகக் கலக்கி, தட்டையான தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி உறைய விடுங்கள். மேலே குமிழிகள் மிதந்தால் செய்தித்தாள் கீற்று ஒன்றை மேற்பரப்பில் இழுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நீரில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கிளிசரின் சேர்த்தால் தட்டு நீண்ட நாள் கெடாது, காய்ந்து சுருங்காது. மருந்துக்கடையிலும் கேக் பொருள்கள் விற்கும் கடைகளிலும் கிளிசரின் கிடைக்கும். கீறல் விழுந்த தட்டை வெட்டி, மிதமான சூட்டில் உருக்கி, மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுவது. முஸ்லிம் பிள்ளைகளும் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் இதைக் கேட்காமல் செய்வது சரியில்லை. ஹலால் முத்திரை உள்ள தூள் கடைகளில் கிடைக்கிறது. சைவர்களுக்கு அகர் அகர், அதாவது நம் வீட்டுக் கடல்பாசி இருக்கிறதே என்று உடனே தோன்றும். கடலிலிருந்தே வரும் பொருள், சிங்கப்பூர் வெப்பத்துக்கு அசையாது. உறைந்த அகர் அகர் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். கேட்கவே அருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதற்கு வளையும் குணம் கிடையாது. கொஞ்சம் அழுத்தினாலும் விரிசல் விடும், மேற்பரப்பில் நீர் கசிந்துகொண்டே இருக்கும், சாயம் சரியாகப் பிடிக்காது. தடிமனாக ஊற்றி, நீரை ஒற்றி ஒற்றி எடுத்து, ஒரே அமர்வில் சில அச்சுகள் எடுக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கடையில் விற்கும் செயற்கை ஜெல் தட்டு இந்தச் சிக்கல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும். உருகாது, கெடாது, விலங்குப் பொருளும் இல்லை. விலைதான் பல பத்து வெள்ளி. ஆண்டு முழுக்கப் பயன்படுத்துகிற வகுப்புக்கு வாங்குவது நியாயம். ஒரு விடுமுறைக்காக வாங்க வேண்டாம்.

பிளாஸ்டிக் தாளை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், அது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, வெயிலுக்குப் பயப்படாது, கழுவினால் அப்படியே திரும்பக் கிடைக்கும். பள்ளிப் பயிற்சித்தாள்கள் போட்டுவைத்த ஒளிபுகும் கோப்பு உறை, கேக் பெட்டியின் மூடி, சாப்பாடு கட்டிவந்த தாப்பாவ் டப்பாவின் தட்டையான மூடி, எது வேண்டுமானாலும் ஆகும். கடினமான விளிம்புகளை மட்டும் கத்தரித்துவிடுங்கள். ஒளிபுகும் என்பது பெரிய வசதி. நீங்கள் போட்ட கோட்டோவியத்தை அடியில் வைத்து அதன்மேல் வண்ணம் தீட்டலாம். அச்சு இடவலம் மாறித்தான் வரும் என்பதால், கோட்டோவியத்தை முதலில் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்புறத்தில் படியெடுத்துக்கொண்டால் கப்பல் சரியான பக்கம் போகும். பிள்ளை ‘கடல்’ என்று எழுத ஆசைப்பட்டாலும் இதே வழிதான். நேராக எழுதி, தாளைத் திருப்பிப் போட்டு, தெரிகிற இடவலம் மாறிய எழுத்தின்மேல் வண்ணம் பூசட்டும்.

இதில் இரண்டு விதமாகச் செய்யலாம், இரண்டும் வேறு வேறு கடலைக் கொடுக்கும். முதலாவது, தட்டில் வண்ணத்தைத் தீட்டிச் சேர்ப்பது. நீர்வண்ணத்தில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் பிளாஸ்டிக்கில் உருண்டு ஓடாமல் படியும். தீட்டியதை நன்றாகக் காய விட்டுவிடலாம், அவசரமே இல்லை. அப்புறம் தாளை நீரில் நனைத்து, துண்டில் ஒற்றி, ஈரத்தோடு வைத்து அழுத்தினால் காய்ந்த வண்ணம் மறுபடி இளகித் தாளுக்கு ஏறும். அந்த இளகலில் விளிம்புகள் லேசாகக் கரைந்து, மழைக்கு முந்தைய பாசிர் ரிஸ் வானம் மாதிரி ஒரு மென்மை வரும். வேகமாகக் கைவைக்க முடியாத முதியவர்களுக்கும் இது மிகவும் ஏற்றது. அவர்கள் தங்கள் போக்கில் தீட்டலாம்.

இரண்டாவது முறை துடைத்தெடுப்பது. தட்டு முழுக்கக் கறுப்பையோ கருநீலத்தையோ பூசிவிட்டு, துணியாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியாலும் பழைய ஈசி-லிங்க் பயண அட்டையின் ஓரத்தாலும் வெளிச்சத்தைத் துடைத்துத் துடைத்து வெளியே கொண்டுவருவது. டெகா தம் இருண்ட அச்சுகளைச் செய்தது இந்த வழியில்தான். இரவு நேரக் கடலில் கப்பல் விளக்குகள், அவற்றின் நீர்ப் பிரதிபலிப்பு என்றால் இதற்கு ஈடே இல்லை. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கசிந்தது நினைவிருக்கும். ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா, லாப்ரடார் கரைகளில் கறுப்புப் படலம் ஒதுங்கியது. தொழிலாளர்களும் தொண்டூழியர்களும் மணலைச் சுத்தம் செய்தார்கள். அந்த நாள்களை ஓவியமாக்க நினைக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவருக்கு இந்தத் துடைத்தெடுக்கும் முறையைத்தான் சொல்வேன். கறுப்பை அகற்ற அகற்றத்தான் கரை தெரியும். கை செய்யும் வேலையும் சொல்ல வரும் செய்தியும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. அழகான கடலை மட்டும் அச்செடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

துடைத்தெடுக்கும் முறைக்கு அக்ரிலிக் வண்ணம் ஒத்துவராது. மெலிதாகப் பூசினால் சில நிமிடங்களில் காய்ந்துபோகும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் மற்ற நாடுகளைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றால் அந்த லாபமும் போய்விடும். வேலை செய்யும்போது விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. நீரில் கழுவக்கூடிய எண்ணெய் அச்சு மை ஒரு குழாய் வாங்கினால் நீண்ட நேரம் காயாது. கறுப்பு ஒன்றே போதும். இந்த முழுப் பட்டியலிலும் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள் இது ஒன்றுதான் என்பேன்.

பிளாஸ்டிக் தாளின் குறை என்னவென்றால், அது தடத்தை வாங்காது. கடினமாக இருப்பதால் இலையோ வலையோ வைத்து அழுத்தினால் அதன் புறவடிவம் மட்டும் வரும், நரம்பு வராது. மெல்லிய துணியை மடித்துத் தாளின்மேல் போட்டு அழுத்தினால் ஓரளவு சரியாகும்.

பால் பெட்டி முற்றிலும் வேறு உலகம். டெட்ரா பாக் பெட்டியைப் பிரித்துக் கழுவிக் காய வைத்தால் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். காகித அட்டை, பாலிஎத்திலீன், மெல்லிய அலுமினியத் தகடு ஆகியவற்றை அடுக்கிச் செய்தது அது. அந்த மின்னும் பக்கத்தில் ஊசியாலோ கவராயத்தின் முனையாலோ கீறினால் கோடுகள் பள்ளமாகும். மையைப் பள்ளங்களில் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்துப் பலமாக அழுத்தினால் கோட்டில் இருக்கும் மை மட்டும் ஏறும். செம்புத் தகட்டில் ஊசி கொண்டு கீறிச் செய்யும் உலர்முனை அச்சின் ஏழை வீட்டு வடிவம் இது. ஆனால் கிடைக்கும் கோடு ஏழைக் கோடு இல்லை. ஓரங்களில் மை லேசாகப் பரவி, மூச்சு வேர்களுக்கும் கேலோங் எனப்படும் கடல்மேல் மீன்பிடி மேடையின் கழிகளுக்கும் வேண்டிய ஈரத்தை அது தானாகவே கொண்டுவரும். மேல் படலத்தைக் கத்தியால் வெட்டி உரித்தால் அடியில் தெரியும் அட்டை மையைக் குடித்துக் கருமையாக அச்சாகும். பாறைக்கும் சேற்றுக்கும் அதுவே போதும். துடைக்கும்போது கொஞ்சம் மையை வேண்டுமென்றே விட்டுவைத்தால் ஒரு முறை மூடுபனி, இன்னொரு முறை தெளிந்த காலை என்று ஒரே தட்டிலிருந்து வேறு வேறு நேரங்கள் கிடைக்கும்.

பால் பெட்டியின் சிக்கல் அழுத்தம். கையாலும் கரண்டியாலும் தேய்த்தால் கோடு பாதிதான் வரும். உருளைகளுக்கு இடையில் மாவைத் தள்ளும் பாஸ்தா இயந்திரம் வீட்டில் இருந்தால், ஒரு துண்டு கம்பளித் துணியோடு சேர்த்து அதில் விடலாம். முடிவு அசத்தும். ஆனால் அந்த இயந்திரத்தை அப்புறம் சமையலுக்குப் பயன்படுத்த முடியாது. நம்மில் பலர் வீட்டில் அது கிடையவே கிடையாது. அப்படியென்றால் மெல்லிய தாளை எடுத்து, சோற்றுக் கரண்டியின் முதுகால், சிறுசிறு பகுதியாக, தோள் வலிக்கும் அளவு தேய்க்க வேண்டும். தொடக்கநிலைப் பிள்ளைகளிடம் இதைக் கேட்க முடியாது. கூர்முனையும் கையில் இருக்கும் என்பதால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே நான் இதைக் கொடுப்பதில்லை.

நுரைத் தட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டு, மேலே சாயம் பூசி, தாளை வைத்துத் தேய்த்தால் வெள்ளைக் கோட்டு மீன் ஒன்று உடனே வந்துவிடும். தொடக்கநிலை ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கு அந்த உடனடி வெற்றி பெரிய விஷயம். இறைச்சி வைத்த தட்டை எடுக்காதீர்கள், பழமோ காளானோ வைத்தது போதும். இதற்காகப் புதிதாக வாங்கவும் வேண்டாம். நுரைப் பிளாஸ்டிக்கை நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போட முடியாது. அது உடைந்து உடைந்து மணி மணியாகிக் கரையில் கிடப்பதை இங்கே எல்லாக் கடற்கரையிலும் பார்க்கலாம். வீட்டுக்கு வந்துவிட்ட தட்டுக்கு இன்னொரு வாழ்க்கை கொடுப்பது நல்லது. கடலைப் படம் பிடிக்க வேண்டும் என்று அதையே கடையில் தேடி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

அட்டைத் தட்டு என்பது நெளி அட்டையின் மேல்தாளை உரித்து, கயிறு, வலைப்பை, பழைய துணி, மணல்தாள் என்று ஒட்டி ஒரு நிலப்பரப்பையே கட்டுவது. மணல் வரிகளுக்கு உரித்த நெளி அட்டையை மிஞ்ச எதுவும் கிடையாது. தடவிப் பார்த்தே செய்யலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. சிங்கப்பூரின் முக்கிய அச்சுக்கலைஞர்களில் ஒருவரான சிங் சியோக் டின் 1988இல் பார்வையை இழந்த பிறகும் படைப்பதை நிறுத்தவில்லை. 2005இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. கை எவ்வளவு அறியும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளையோ முதியவரோ உங்கள் குழுவில் இருந்தால் இதையே முதலில் எடுங்கள். மற்றவர்களுக்கு இது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. ஒட்டிய பின் முழுப் பரப்பிலும் வெள்ளைப் பசையை இரண்டு முறை பூசி அடைக்காவிட்டால் அட்டை சாயத்தை உறிஞ்சிவிடும். அந்தப் பசை நம் ஈரக்காற்றில் முழுதாக இறுக ஒரு நாளாவது வேண்டும். ஈரம் காயாமல் அலமாரியில் வைத்த தட்டில் பூஞ்சை பிடிக்கும்.

தாள் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பயன்படுத்திய ஏ4 தாளின் பின்புறம் ஒத்திகைக்குப் போதும், ஆனால் நனைத்தால் கிழியும். கையால் தேய்த்து எடுக்கும் எல்லா முறைக்கும் நான் விரும்புவது சீன எழுத்துக்கலைக்கு விற்கும் மெல்லிய தாள். பிராஸ் பசா பக்கம் மலிவாகவே கிடைக்கும். நாள்தோறும் கிழிக்கும் சீன நாட்காட்டியின் மெல்லிய தாளும் நன்றாக வேலை செய்யும், பின்னால் தெரியும் சிவப்புத் தேதி எண் சில சமயம் படத்துக்கே அழகு சேர்க்கும். செய்தித்தாளில் எடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும், சில மாதங்களில் பழுத்துவிடும். சுவரில் மாட்ட நினைப்பவர்கள் அதைத் தவிர்க்கலாம். கடைகள் தரும் பழுப்புத் தாள்பை ஈஸ்ட் கோஸ்ட் மணலுக்குப் பொருத்தமான அடிநிறம். அந்த மணலே 1966இல் தொடங்கிய நிலமீட்பில் வந்து சேர்ந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால், ஒரு தாளின்மேல் இன்னொரு தாளை ஒட்டி அச்செடுக்கும் யோசனை அவர்களுக்கே வரும்.

புளோக்கின் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்திலோ இருபது பேரை உட்கார வைத்துச் செய்யப்போகிறீர்கள் என்றால், எல்லாருக்கும் பிளாஸ்டிக் தாள் கொடுங்கள். ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு நுரைத் தட்டு. ஒரே ஒரு ஜெலட்டின் தட்டைப் பனிக்கட்டி போட்ட பெட்டியில் எடுத்துவந்து, தனி மேசையில் வைத்து, ஆளுக்கு இரண்டு அச்சாக வரிசையில் வரச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் அந்த மேசையை முடித்துவிடலாம். உருளை இல்லையே என்று தயங்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சால் ஒற்றிப் பூசினால் மணல் போன்ற புள்ளித் தோற்றம் கிடைக்கும், பழைய ஈசி-லிங்க் அட்டையால் இழுத்துப் பூசினால் நீர்ப்பரப்பு கிடைக்கும்.

கழுவும் நேரம் வந்ததும் நேராகக் குழாய்க்கு ஓடாதீர்கள். அக்ரிலிக் வண்ணமும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். முதலில் பழைய செய்தித்தாளால் தட்டையும் அட்டையையும் வழித்துத் துடைத்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் கழுவுங்கள். புளோக்கைச் சுற்றியுள்ள மழைநீர்க் கால்வாயில் வண்ண நீரை ஊற்றவே கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்தக் கால்வாய் நீர் போய்ச் சேருவது நீர்த்தேக்கத்துக்கு, இல்லையென்றால் கடலுக்கு. சாயம் படிந்த நுரைத் தட்டும் பால் பெட்டியும் கடைசியில் பொதுக்குப்பைக்குத்தான் போகும். எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும். 1999 முதல் இயங்கும் அந்தக் குப்பை நிரப்பிடமும் கடலுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு தட்டில் ஓர் அச்சு எடுத்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் தாளைக் கழுவி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒப்பீட்டில் அது முதலிடம் பிடிப்பதற்கு எனக்கு இதுவே வலுவான காரணம்.

அச்சுகளைத் துணி காயப்போடும் கழியில் கவ்விகளால் மாட்டிக் காய விடுங்கள். அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் நம் ஈரக்காற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் கேக் சுடப் பயன்படுத்திய எண்ணெய்த் தாளைத் துடைத்து வைத்தால் பிரித்தெடுக்கச் சிரமம் இருக்காது. எண்ணெய் மையில் எடுத்தவை முழுதாகக் காய ஒரு வாரமாவது ஆகும், அதுவரை சட்டகத்தில் போட வேண்டாம்.